பாட்காஸ்ட் எடிட்டிங் தொழில்: குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருந்துகொண்டு பாட்காஸ்ட் எடிட்டிங்கில், அதாவது இணையத்தில் கேட்கும் பேச்சு நிகழ்ச்சியின் பதிவை வெட்டிச் சீராக்கும் வேலையில், சம்பாதிக்க முடியுமா? முடியும். ஸ்டுடியோ வேண்டாம், சென்னைக்குக் குடிபோக வேண்டாம், தொடக்கத்தில் மைக்கூடத் தேவையில்லை. பதிவு செய்வது வாடிக்கையாளரின் வேலை. நமக்கு வேண்டியது காது. அதிலும் நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டு வளர்ந்த காது வெளியூர் எடிட்டருக்குக் கிடைக்காத மூலதனம். இந்தத் தொழிலை அதை நம்பித்தான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் பொருட்கள். 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி உள்ள லேப்டாப் போதும். காதை முழுக்க மூடும் வயர் ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். ப்ளூடூத் வேண்டாம்: ஒலி சற்றுத் தாமதமாக வரும், வெட்டும் இடம் தப்பும். மென்பொருளில் ஆடாசிட்டி இலவசம், பழகிக்கொள்ள நல்லது. தொழில் என்று இறங்கினால் ரீப்பருக்கு மாறிவிடுங்கள். 60 நாள் பயன்படுத்திப் பார்க்கலாம், அதன்பிறகு சிறு தொழிலுக்கான உரிமம் 60 டாலர். நடுவில் ஒரு துண்டை வெட்டினால் எல்லா டிராக்கும் (ஒவ்வொரு குரலுக்குமான தனி ஒலிவரிசை) சேர்ந்து நகரும் ரிப்பிள் எடிட்டிங் அதில் வசதியாக இருக்கும். மூலக் கோப்பும் மாறாமல் அப்படியே கிடக்கும். 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் (நொடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது), 24 பிட், மோனோவில் (ஒரே சேனலில்) ஒரு மணி நேரப் பதிவு சுமார் 518 எம்பி. இரண்டு பேர் பேசினால் 1 ஜிபியைத் தாண்டும். ஆகவே தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றும் கணக்கில் இருக்கட்டும்.

வாடிக்கையாளர் பதிவு செய்வதற்கு முன்பே சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொருவர் குரலும் தனித்தனிக் கோப்பாக வேண்டும். ஜூமில் பேசுகிறார்கள் என்றால், ஒவ்வொருவருக்கும் தனி ஆடியோ கோப்பு என்ற தேர்வு அமைப்புகளில் இருக்கிறது, அதை முன்கூட்டியே போடச் சொல்லுங்கள். துபாயில் ஒருவரும் குளச்சலில் ஒருவரும் பேசினால், இருவரும் அவரவர் போனிலேயே பதிவு செய்து அனுப்புவதுதான் சுத்தமான வழி. தொடக்கத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு. முதல் தட்டை வைத்து டிராக்குகளைப் பொருத்தலாம். கடைசித் தட்டு விலகி நின்றால், இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓடவில்லை என்று தெரியும். அப்போது குரலை இழுத்து நீட்டாமல், மௌனம் வரும் இடங்களில் வெட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். விலகல் சில நிமிடக் கணக்கில் இருந்தால் காரணம் வேறு. 48 கிலோஹெர்ட்ஸ் கோப்பை 44.1 என்று நினைத்து மென்பொருள் ஓட்டுகிறது; 60 நிமிடப் பேச்சு 65 நிமிடம் 18 நொடியாகும், குரலும் கனத்துப் போகும். சாம்பிள் ரேட்டைத் திருத்தினால் சரியாகிவிடும்.

வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு 2 ஜிபி வரை இடமுண்டு. வாய்ஸ் நோட்டாக வருவது பெரிதும் சுருக்கப்பட்ட ஒலி. இழந்த கூர்மையை எந்த ஈக்வலைசராலும் (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் கருவி) திரும்பக் கொண்டுவர முடியாது.

இனி வெட்டும் வேலை. யூடியூபில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பேச்சை வைத்துச் சொல்லப்பட்டவை. தமிழில் அப்படியே செய்தால் கெட்டுவிடும். ஒரு காரணம் ஒலியிலேயே இருக்கிறது. 'பட்டு', 'பக்கம்', 'பத்து' என்று சொல்லும்போது வல்லின இரட்டிப்பில் நாக்கு ஒரு கணம் அடைத்து நிற்கும். அங்கே அலைவடிவம் ஏறக்குறைய தட்டையாகிவிடும். மௌனத்தைத் தானாக வெட்டும் கருவியில் குறைந்தபட்ச நேரத்தை 0.1 நொடி என்று வைத்தால் அது இந்த அடைப்பையும் மௌனம் என்று எடுத்து வெட்டிவிடும். 'பட்டு' 'படு' போலக் கேட்கும். 0.6 நொடிக்குக் குறைந்த இடைவெளியைக் கருவி தொடக்கூடாது. நீண்ட இடைவெளியையும் முழுக்க எடுத்துவிடாமல் 0.3 நொடியாவது விடுங்கள், பேசுகிறவர் மூச்சு விடட்டும். மெல்லிய ஒலி வந்தால் தானே அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போட்டாலும் இதே தொல்லைதான். அடைக்குமுன் அது காத்திருக்கும் நேரமான ஹோல்டை 200 மில்லிசெகண்டுக்கு மேல் வைத்தால் தப்பலாம்.

இன்னொரு காரணம் பேச்சு வழக்கு. 'வந்து', 'அதாவது', 'என்னன்னா' என்று நிரப்பிக்கொண்டே போவதைக் குறைக்கலாம். ஆனால் 'அவரு எனக்கு மாமாவாக்கும்' என்பதில் வரும் 'ஆக்கும்' நிரப்புச் சொல் இல்லை. சொன்னதை உறுதிப்படுத்தும் வால். 'பாத்துக்கிடுங்க' என்பதும் அப்படித்தான், கேட்கிறவரைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைக்கும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பேச்சில் மலையாளச் சாயல் கூடுதலாக இருக்கும், தோவாளைப் பக்கம் நெல்லை வாடை. இதையெல்லாம் பிழை என்று எண்ணி வெளியூர் எடிட்டர் வழித்தெடுத்துவிட்டால் பேசினவருக்கே தன் குரல் அந்நியமாகிவிடும். முதல் அத்தியாயத்தைத் தொடுமுன் எந்தச் சொற்களைக் குறைக்கலாம், எவற்றை விட்டுவிட வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வினைமுற்று கடைசியில் வருவதால் வாக்கியத்தின் பின்பாதியை வெட்டும்போது இரட்டிப்பு கவனம் வேண்டும். 'நான் அதை ஏற்கவில்லை' என்பதில் கடைசித் துண்டு போனால் கருத்தே தலைகீழாகும். ஒரு மனிதர் சொல்லாததைச் சொன்னதாக ஆக்கும் எந்த வெட்டையும், வாடிக்கையாளரே கேட்டாலும், செய்யாதீர்கள்.

இரைச்சல் விஷயத்தில் நம்ம மாவட்டத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. இரண்டு பருவமழையும் இங்கே பெய்யும். ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. தகர ஷீட்டின் மேல் விழும் மழை கூடிக் குறைந்து கொண்டே இருப்பதால் நாய்ஸ் ரிடக்‌ஷன் அதைப் பிடிக்காது. அப்படி வந்த பதிவை ஏற்றுக்கொண்டு போராடுவதைவிட, மறுபடி பேசச் சொல்வது நேர்மை. முட்டத்துப் பாறைமேல் நின்று எடுத்த காற்றிரைச்சலும் அந்த வகைதான். மின்விசிறி பரவாயில்லை, அது ஒரே சீராக ஓடும். அதற்காக, யாரும் பேசாமல் 15 நொடி அறையின் ஒலியை மட்டும் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆடாசிட்டியில் அதை மாதிரியாக எடுத்துக்கொண்டு 6 முதல் 9 டெசிபல் வரை குறைத்தால் போதும். 12ஐத் தாண்டினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். வெட்டின இடங்களில் ஒட்டுப்போடவும் அதே அறையொலி உதவும். மின்சார முனகல் இருந்தால் 50, 100, 150 ஹெர்ட்ஸில் குறுகிய நாட்ச் (அந்த அதிர்வெண்ணை மட்டும் குறைக்கும் ஃபில்டர்) போடுங்கள்.

மற்ற ஒலிச் சீரமைப்புக்கு இந்த வரிசை: இரைச்சல் நீக்கம், 80 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள ஒலியைக் குறைப்பது), ஈக்வலைசர், கம்ப்ரஸர் (உரத்த, மெல்லிய ஒலிகளின் வித்தியாசத்தைக் குறைப்பது), டீ-எஸ்ஸர் (சீறலைக் குறைப்பது), கடைசியில் லிமிட்டர் (உச்சம் எல்லை தாண்டாமல் தடுப்பது). இரைச்சலைக் கம்ப்ரஸருக்கு முன்பே எடுக்கக் காரணம், கம்ப்ரஸர் மெல்லிய ஒலிகளையும் சேர்த்துத் தூக்கிவிடும். 3:1 விகிதம், உரத்த இடங்களில் 3 முதல் 6 டெசிபல் குறைவு என்று தொடங்குங்கள். கேட்கிறவர்கள் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்றோ, ஓடும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தோதான் கேட்பார்கள், குரல் ஏறி இறங்கினால் பாதி காதில் விழாது. 'ச', 'ஸ' சீறினால் டீ-எஸ்ஸரை 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் தேடிப் பொருத்துங்கள்.

முடிவு அளவு: ஸ்டீரியோ என்றால் −16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் சராசரி அளவு), மோனோ என்றால் −19. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கேட்பது −16ஐ ஒட்டி, 1 டெசிபல் கூடக்குறைய. ட்ரூ பீக் (ஒலியின் உண்மையான உச்சம்) −1 டெசிபலைத் தாண்டக்கூடாது. எம்பி3 ஆக்கும்போது உச்சங்கள் இன்னும் கொஞ்சம் ஏறும். பேச்சு மட்டுமே என்றால் மோனோ 96 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்கு ஆகும் தரவின் அளவு) தாராளம். இசையும் இருந்தால் ஸ்டீரியோ 128. ஒரு மணி நேரம் சுமார் 58 எம்பி வரும். அனுப்புமுன் போன் ஸ்பீக்கரில் முழுக்க ஒருமுறை கேளுங்கள். வேகமாக ஓட்டிக் கேட்டால் கெட்ட வெட்டுகள் தெரியாது.

இனி வேலை தேடுவது. இரண்டு பேர் பேசும் பத்து நிமிடத்தை நீங்களே பதிவு செய்து, அதில் 90 நொடியை, சீர்செய்வதற்கு முன்னும் பின்னுமாகக் காட்டும் மாதிரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கின் பிரசங்கங்களை வெளியிடும் கிறிஸ்தவக் கோயில்கள், போட்டித்தேர்வு வகுப்பு நடத்துகிறவர்கள், சித்த வைத்தியர்கள், வளைகுடாவில் இருந்துகொண்டு ஊர்க்கதை பேசுகிற நம்மவர்கள் என்று ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நிகழ்ச்சியிலேயே ஒரு நிமிடத்தைச் சீர்செய்து, அவர்களுக்கு மட்டும் அனுப்பிக் காட்டலாம்; பொதுவில் போடக்கூடாது.

கூலியை எப்போதும் மூலப் பதிவின் நீளத்துக்குப் பேசுங்கள். முடிந்த நீளத்துக்குப் பேசினால், 2 மணி நேரத்தை 30 நிமிடமாகக் குறைத்த உழைப்புக்குக் காசு இருக்காது. புதியவருக்கு ஒரு மணி நேர மூலத்தை முடிக்க 4 முதல் 6 மணி நேரம் ஆகும். மணிக்கு 200 ரூபாய் வேண்டும் என்று வைத்தால் 800 முதல் 1,200 ரூபாய். அதற்குக் கீழே இறங்குகிறவர்கள் சில மாதத்தில் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். பாதி முன்பணம், இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து தனிக் கூலி. சொந்தக்காரராக இருந்தாலும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இசை யார் தருவது என்பதும் அதில் இருக்க வேண்டும். சினிமாப் பாட்டு கூடாது. பழைய கீர்த்தனைக்கு உரிமை காலாவதியாகியிருந்தாலும், அதைப் பாடிப் பதிவு செய்த குழுவின் ஒலிப்பதிவுக்கு உரிமை தனியாக இருக்கும். இலவச இசை என்றால் உரிமப் பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து அந்த அத்தியாயத்தின் கோப்புறையிலேயே போட்டு வையுங்கள்.

கோப்புகளை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். 90 நாள் என்பது நியாயமான அளவு. அதுவரை மூலம் இரண்டு இடத்தில் இருக்கட்டும், ஒன்று லேப்டாப்பிலும் மற்றது தனி டிஸ்கிலும். 80ஆம் நாள் வாடிக்கையாளருக்கு ஒரு செய்தி அனுப்பி, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பதில் வந்து 90 நாளும் முடிந்த பிறகு மூலத்தை அழித்துவிட்டு, ப்ராஜெக்ட் கோப்பையும் கடைசி வேவ் கோப்பையும் மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.