அம்மாவின் இடது செருப்பு

கும்பகோணத்தில் பிசியோதெரபி அறை வாசலில் அம்மாவின் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன்.

இடது குதிகால் மட்டும் வெற்றிலை கனத்துக்குத் தேய்ந்திருந்தது. வலது அப்படியே இருக்கிறது.

உள்ளே படுக்க வைத்து, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து கணுக்காலின் உள்பக்க எலும்பு வரை இஞ்ச் டேப்பால் அளந்தார்கள். இரண்டு காலும் ஒரே நீளம்.

கால் குட்டையில்லை, இடுப்புதான் ஒரு பக்கம் ஏறியிருக்கிறது என்றார்கள். சின்ன ஏற்றத்தாழ்வு நிறையப் பேருக்கு வலியே இல்லாமல் இருக்குமாம். ஆனால் ஒரே பக்கம் பாரம் சுமந்தால் தசை இறுகி, கீழ்முதுகு வலிக்க அதுவும் ஒரு காரணமாகலாம்.

அரசலாற்றுத் தண்ணீர்க் குடம். அப்புறம் நான். அப்புறம் தம்பி.

எல்லாருக்கும் அந்த இடது இடுப்புதான்.

"செருப்பு மாத்தணும்டா" என்றாள்.

குனிய வேண்டாமென்று நானே மாட்டிவிட்டேன்.