இரண்டு கல்லறைகளுக்கு நடுவே போன ஒரு வருடம்

முடிவு நேற்று வந்தது. இரண்டாம் முறையில் தேறிவிட்டேன். இடைக்கால லத்தீன் தாளில், மாவீரன் அலெக்ஸாந்தரைப் பற்றிய காவியமான ‘அலெக்ஸாண்ட்ரெய்ஸ்’ எடுத்திருப்பவர்களுக்காக, சூடு ஆறுமுன் எழுதுகிறேன்.

போன முறை என்னைக் கவிழ்த்தது இலக்கணம் அல்ல, கல்லறை. அதை எழுதிய கவிஞர் ஷாட்டியோன் வால்டர் தன் காவியத்தில் இரண்டு கல்லறைகளை வைத்திருக்கிறார். நான்காம் காண்டத்தில், அலெக்ஸாந்தரின் எதிரியான பாரசீக மன்னன் தாரியஸின் மனைவிக்கு. ஏழாம் காண்டத்தில் தாரியஸுக்கே. இரண்டுக்கும் சிற்பி அப்பெல்லெஸ் என்ற யூதன்தான். வினாத்தாளில் அந்தப் பெயரைப் பார்த்தவுடன் மீதியைப் படிக்காமலே மனைவியின் கல்லறையில் படைப்பு தொடங்கி வரும் விவிலியக் காட்சிகளை இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். கேட்டிருந்தது உலகப்படம் பொறித்த தாரியஸின் கல்லறை! அந்த அவசரத்துக்கு விலை ஒரு வருடம்.

ஆகவே, ஒவ்வொரு காண்டத்தின் தலையிலும் உள்ள சுருக்கச் செய்யுளை மனப்பாடம் செய்யுங்கள். பத்துக் காண்டங்களுக்கும். ‘ரசித்துப் படித்தால் போதும்’ என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அவர்கள் தேர்வு எழுதப்போவதில்லை.

அடுத்தது சீர் பிரித்தல். மொழிபெயர்க்கும் முன் வரியை வாய்விட்டுப் படித்து, குறில் நெடில் குறியுங்கள். இடைக்கால எழுத்தில் ‘ae’ என்ற எழுத்திணை வெறும் ‘e’ ஆகிவிடுவதால், ‘எக்வுஸ்’ (equus) என்பது குதிரையா, ‘சமமான’ என்ற சொல்லா என்று கண்ணுக்குத் தெரியாது. முதல் அசை குறில் என்றால் குதிரை, நெடில் என்றால் மற்றது. எனக்கு இந்த முறை இதனாலேயே ஒரு வரி பிழையாகாமல் தப்பியது. யாப்பு படித்த நம்மவர்களுக்கு இது கடினமே அல்ல.

மற்றவை:

- காவியத்துக்கு மூலமான, ரோமானிய வரலாற்றாசிரியர் குர்ட்டியுஸ் ரூஃபுஸை முழுவதும் படிக்க நேரமிருக்காது. வால்டர் தானாகச் சேர்த்ததைப் பாருங்கள். பத்தாம் காண்டத்தில் இயற்கை அன்னை நரகத்துக்கே இறங்கிப் போய் அலெக்ஸாந்தர்மேல் புகார் சொல்கிறாள். அதை விடவே கூடாது.
- காண்டங்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘குயில்லெர்முஸ்’. நூல் காணிக்கையான ரெய்ம்ஸ் பேராயர் வில்லியமின் பெயர். வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள்.
- ‘கரிப்டிஸுக்குத் தப்பப் போய் ஸ்கில்லாவிடம் விழுகிறாய்’ (இரண்டும் கிரேக்கப் புராணத்துக் கடல் அரக்கிகள்) என்ற ஐந்தாம் காண்டத்து வரியோடு கட்டுரையைத் தொடங்காதீர்கள். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.
- கூட்டுப் படிப்பு எனக்கு ஒத்துவரவில்லை. மூன்று பேர் சேர்ந்தால் பேச்சு அலெக்ஸாந்தரின் புக்கெபாலஸ் குதிரையைத் தாண்டவே தாண்டாது.
- வினாவில் அப்பெல்லெஸ் வந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். யாருடைய கல்லறை என்று பார்த்துவிட்டு எடுங்கள்.