ஒரு வினவல் வழங்கி முழுவதையும் விழுங்காதிருக்க

திருகோணமலை உட்துறைமுக வீதியில் நான் பராமரிக்கும் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் இயங்கும் வழங்கி (தரவைச் சேமித்துக் கேட்பவர்க்கு வழங்கும் கணினி), சென்ற மாத இறுதியில், ஒரேயொரு அறிக்கைக்கான வினவலால் (தரவைக் கேட்டு அனுப்பும் கட்டளையால்) முற்பகல் முழுவதும் திணறியது. பற்றுச்சீட்டுக்காகக் கருமபீடத்தில் காத்து நின்றவர்களைப் பார்த்தபோது எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது.

வினவலுக்கு நேர வரம்பு விதிக்கும் ‘ஸ்டேட்மென்ட் டைம்அவுட்’ இயல்பாகவே 0, அதாவது வரம்பே இல்லை. அதனை வழங்கி முழுவதற்கும் விதிப்பது தவறு என்பதே என் கருத்து. அவ்வாறு செய்தால், பெரிய அட்டவணைக்குச் சுட்டி (தேடலை விரைவாக்கும் பட்டியல்) உருவாக்குவது போன்ற நியாயமான நீண்ட வேலைகளும் இடையில் அறுந்துவிடும். ஆகவே அறிக்கைகளுக்கெனத் தனிப் பயனர் கணக்கை உருவாக்கி, அதற்கு மட்டும் 30 வினாடிகளை விதித்தேன்.

நினைவகத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. நினைவகப் பயன்பாட்டுக்கான வரம்பாகிய ‘வொர்க் மெம்’ இயல்பாக 4 மெகாபைட். அது ஒரு வினவல் முழுவதற்குமான வரம்பன்று, அவ்வினவலுக்குள் நிகழும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியானது என்பதால், அதனை 256 மெகாபைட்டாக உயர்த்தினால், நான்கு வரிசைப்படுத்தல்கள் கொண்ட ஒரே வினவல் 1 கிகாபைட் வரை எடுத்துக்கொள்ளக்கூடும். வரம்பை மீறும் தரவு வட்டில் தற்காலிகக் கோப்பாக எழுதப்படும். அதனையும் ‘டெம்ப் ஃபைல் லிமிட்’ கொண்டு கட்டுப்படுத்தலாம்.

மையச் செயலிக்கு இத்தகைய நேரடி வரம்பு போஸ்ட்கிரெஸில் இல்லாததால், ஒரே நேரத்தில் ஓடும் வினவல்களைக் குறைப்பதற்காக, அறிக்கைக் கணக்கு ஒரே நேரத்தில் 3 இணைப்புகளுக்கு மேல் திறக்க முடியாதவாறு செய்திருக்கிறேன்.