வெண்செர்ரிக்குப் பதிலாக ஒரு வாட்டர் ஜாஸ்மின்: மூன்றாண்டுக் குறிப்புகள்

செம்பழுப்புத் தளிர்களுக்கு நடுவே பெரிய வெள்ளைப் பூக்களைச் சுமந்து நிற்கும் தைஹாகு செர்ரியைப் படங்களில் பார்த்ததிலிருந்து, அப்படியொரு மரம் எங்கள் சிங்கப்பூர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். 1923இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் தோட்டமொன்றில் செர்ரி ஆர்வலர் காலிங்வுட் இங்ராம் கண்டெடுத்து, அது மறைந்துபோயிருந்த ஜப்பானுக்கு 1932இல் திருப்பி அனுப்பிய இனம் அது. அதே இனம் கிடைக்காததால், இறக்குமதிச் செடிகள் விற்கும் கடையொன்றில், 2022 பிப்ரவரியில், வேறொரு வெண்செர்ரிக் கன்றை வாங்கினேன். இரண்டே வாரத்தில் ஏழு பூக்கள் மலர்ந்தன. என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மொட்டுகள் பிறந்த நாட்டிலேயே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வந்தவை என்பது பிறகுதான் புரிந்தது. செர்ரியின் மொட்டு உறக்கம் கலைய வேண்டுமானால், ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழான குளிரில் பல நூறு மணி நேரம் கிடக்க வேண்டும். சிங்கப்பூரிலோ விடியற்காலையிலும் 24, 25 டிகிரி இருக்கிறது. மறு ஆண்டு கிளை நுனிகளில் மட்டும் கொத்துக் கொத்தாக நாலைந்து இலைகள் வந்தன, ஒரு மொட்டும் இல்லை. பதினெட்டாம் மாதம் மரம் பட்டுப்போனது. 'இந்த ஊரிலும் வளரும்' என்று விற்றவர் சொன்னதை நம்பியது என் தவறுதான்.

அந்தக் குழியிலேயே வாட்டர் ஜாஸ்மின் என்ற சிறு மரத்தை நட்டேன். சீனர்கள் 'சுய் மெய்' என்று அழைக்கும் இது, தென்கிழக்கு ஆசியாவுக்கே உரியது. நம் வெட்பாலைக்கு நெருங்கிய உறவு. குழியில் இருந்தது கெட்டியான செங்களிமண் என்பதால், இரண்டடி ஆழம் தோண்டி, மக்கிய உரமும் மணலும் கலந்து, சுற்றிலும் சற்று மேடாக்கினேன். இங்கே பெய்கிற மழையில் வேருக்கு எதிரி வறட்சியன்று, தேங்கும் நீர்தான். கொசு முட்டையிடாதிருக்க, மழை நின்றதும் நீர் எங்காவது தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பதும் வழக்கமாயிற்று.

இந்த மரம் புதுத் தளிரில்தான் பூக்கும். ஆகவே இலைகளையெல்லாம் உதிர்த்து, நுனிகளைக் கத்தரித்துவிட்டால், மூன்று நான்கு வாரங்களில் தளிரோடு சேர்ந்து மொட்டும் வரும். பொன்சாய் வளர்ப்போர் கையாளும் முறை இது. முதல்முறை பொங்கலைக் குறிவைத்து, டிசம்பர் நடுவில் முழு மரத்தையும் உருவினேன். வெட்டிய காம்புகளிலிருந்து பால் வடிந்து விரல்கள் ஒட்டிக்கொள்ள, தேங்காயெண்ணெய் தடவித்தான் கழுவ வேண்டியிருந்தது. அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, மரத்துக்குமா பழனியில மொட்டை நேர்ந்துக்கிட்ட?" என்றார்.

மொட்டுகள் நேரத்துக்கு வந்தன. கூடவே வடகிழக்குப் பருவமழையும் வந்தது. நூல் போன்ற நீண்ட காம்பில் தலைகீழாகத் தொங்கும் பூ என்பதால் தாங்கும் என்று எண்ணியிருந்தேன். ஒரே மாலை மழையில் பாதி தரையில் கிடந்தது. அடுத்த தவறு அதைவிடப் பெரியது: மாவுப்பூச்சி பிடித்துச் சோர்ந்திருந்த மரத்தை, ஜூனில் மீண்டும் உருவியதில் இரண்டு கிளைகள் காய்ந்துவிட்டன. இப்போது உருவுவதற்கு ஒரு மாதம் முன்பே உரமிட்டு, இலைகள் கரும்பச்சையாக முற்றியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கத்தரியை எடுக்கிறேன். இலையில்லாத நாட்களில் நீரையும் குறைத்துவிடுகிறேன், ஏனெனில் குடிப்பதற்கு அப்போது இலைகள் இல்லை.

இந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டைக் கணக்கிட்டு, மார்ச் 16 அன்று உருவினேன். எட்டாம் நாள் கணுக்களில் பச்சைப் புள்ளிகள்; பத்தொன்பதாம் நாள் மிளகளவு மொட்டுகள். ஏப்ரல் 14 காலையில், ஐந்து இதழ்கொண்ட வெள்ளைப் பூக்கள் மரம் நெடுகத் தொங்கின. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரியது, தைஹாகுவின் பக்கத்தில் வைத்தால் குழந்தைதான். ஆனால் வாசற்கதவைத் திறந்ததும் முதலில் வந்தது மணம். அம்மா கோலத்தின் மேல் விழுந்தவற்றைக் கூட்டாமல் விட்டுவிட்டார்.

அடுத்த முறை கிழக்குப் பக்கத்துக் கிளைகளை மட்டும் முதலில் உருவி, மற்றப் பாதியைப் பத்து நாள் கழித்து உருவப் போகிறேன். பூக்காலம் அதனால் நீளுமா என்று பார்க்க வேண்டும்.