சக்கை வரட்டுகிற நாள்

சித்திரை பிறந்து பத்து நாள் கழியும்போது பிள்ளைகளின் முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிடும். மறுநாளே மதுரையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டு, நாகர்கோவிலில் இறங்கி, தக்கலை வழியாகக் குலசேகரம் செல்லும் பேருந்தில் ஏறிவிடுவோம். திருவட்டாறு தாண்டியதும் சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள் நெருங்கி நிற்க, இடையிடையே வீடுகளின் முற்றத்தில் பிலா மரங்கள் அடிமரத்திலிருந்தே காய்த்துத் தொங்குவது தெரியும். என் மகன் அவற்றை எண்ணத் தொடங்குவான். எண்ணி முடிப்பதற்குள் நாங்கள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் பக்கத்தில் பலா மரத்தைப் பிலா என்றும் பழத்தைச் சக்கை என்றும் சொல்வோம். திருமணமான புதிதில், "அம்மா சக்கை கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்" என்று நான் சொன்னபோது என் மாமியார் திகைத்துப்போனார். மதுரையில் சக்கை என்றால் கரும்பைப் பிழிந்த பிறகு எஞ்சுவது. மலையாளத்தோடு நாங்கள் பகிர்ந்துகொள்ளும் இந்தச் சொல்லைத்தான் போர்த்துக்கீசியர் 'ஜாக்கா' என்று எடுத்துச் சென்றார்கள். ஆங்கிலம் இப்பழத்துக்கு வைத்திருக்கும் பெயரும் அதிலிருந்து பிறந்ததே. 1956 நவம்பர் 1 அன்று இன்றைய தமிழ்நாடான சென்னை மாநிலத்தோடு இணையும் வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர்கள் எங்களுடையவை. அந்தப் பழைய உறவு பேச்சில் இருப்பதைவிட அடுக்களையில் இன்னும் அழுத்தமாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

விடுமுறை முழுவதும் சக்கை மட்டுமே தின்கிறோம் என்று நினைத்துவிட வேண்டாம். நாரும் மணமும் நிறைந்த செங்கவருக்கை மாம்பழம் அப்போதுதான் பழுக்கிறது. உயரமான அயனி மரத்தடியில் காலையில் போனால், இரவில் வௌவால் தின்று போட்ட மிச்சத்தோடு, கைக்குள் அடங்கும் அயனிச்சக்கை இரண்டொன்று உடையாமல் கிடக்கும். வள்ளம் செய்வதற்கு உகந்த மரம் என்று பெயர் பெற்ற அயனிக்கு இப்படி ஒரு பழம் உண்டு என்பது மாவட்டத்துக்கு வெளியே பலருக்குத் தெரியாது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழம் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. ஆனால் குடும்பத்தில் உள்ள அத்தனை பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைப்பது சக்கை ஒன்றுதான். ஒரு மாம்பழத்தை ஒருவர் தனியாகத் தின்றுவிடலாம். பதினான்கு கிலோ சக்கையை ஒருவர் தனியாக வெட்டவும் முடியாது, தின்னவும் முடியாது.

எங்கள் விளையில், அதாவது வீட்டுத் தோட்டத்தில், இப்போது மூன்று பிலா மரங்கள் நிற்கின்றன. மற்றவை நான் பள்ளியில் படித்த காலத்தில் ரப்பருக்காக வெட்டப்பட்டன. இந்த மூன்றை மட்டும் அப்பா விட்டுவைத்ததற்குக் காரணம், அவற்றில் ஏறியிருந்த நல்லமிளகுக் கொடிகள். மிளகு காப்பாற்றிய மரங்களின் பழத்தைத்தான் இன்று நாங்கள் தின்கிறோம். அவற்றில் இரண்டு வருக்கை, ஒன்று கூழன். வருக்கையின் சுளை கடித்தால் நறுக்கென்று இருக்கும். கூழனின் சுளை வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போய்விடும். மூன்றுமே ஆச்சி ஒரே வருக்கைப் பழத்தின் கொட்டைகளிலிருந்து முளைக்க வைத்தவை என்று அப்பா சொல்வார். விதையிலிருந்து வளரும் பிலா, தாய் மரத்தைப் போலவே காய்க்கும் என்ற உறுதி கிடையாது. முதல் சக்கை பழுக்கும் வரை பல ஆண்டுகள் காத்திருந்துதான் வருக்கையா கூழனா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வெல்லம் சேர்த்துச் சுண்டக் கிளறி வரட்டுவதற்கான பழத்தை, ஜூன் தொடக்கத்தையொட்டி வரும் இடவப்பாதி மழைக்கு முன்பே பறித்துவிட வேண்டும் என்பது அம்மாவின் கண்டிப்பு. மழைநீர் குடித்த சக்கையில் இனிப்பு குறையும், அடுப்பில் நிற்க வேண்டிய நேரமும் கூடும். மே மாதம் முதல் வாரத்தில் தம்பி பெங்களூரிலிருந்து வந்ததும், அப்பா மரத்தடியில் நின்று விரலால் தட்டிப் பார்ப்பார். முள் அகன்று மழுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். விளையாத காய் தட்டினால் கல்லைப் போல ஒலிக்கும், விளைந்த காயின் ஒலி உள்ளே சற்று ஆழமாக இறங்கும். என் காதுக்கு இன்னும் அந்த வேறுபாடு நிச்சயமாகப் பிடிபடவில்லை. என் மகள் இந்த ஆண்டு மூன்றில் இரண்டைச் சரியாகச் சொன்னாள். தம்பி மரத்தில் ஏறி, காம்பில் கயிற்றைக் கட்டி, வெட்டி, மெல்ல இறக்குவான். விழுந்து உடைந்த சக்கை பழுப்பதற்குள் அழுகிவிடும் என்பதால் இந்தக் கயிறு. இறக்கிய காயைச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்தால் நான்கைந்து நாளில் வீடு முழுவதும் மணம் பரவும். அந்த மணம் வந்த நாள் இரவு, அம்மா மறுநாளுக்கான விறகை எடுத்து அடுக்குவதைப் பார்த்ததும் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

வெட்டுவது அடுக்களைச் சாய்ப்பில். தரையில் சாக்கை விரித்து அதன்மேல் பழைய செய்தித்தாளைப் பரப்பி, வெட்டுக்கத்தியிலும் எல்லாருடைய கைகளிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வோம். எண்ணெய் தடவாத கையில் பிசின் பட்டால் சோப்பினால் போகாது. மறுபடியும் எண்ணெய்தான் தேய்க்க வேண்டும். அப்பா சக்கையைக் குறுக்கே பிளப்பார். வெட்டுவாயில் வெண்மையாகக் கசியும் பிசினைத் தாளால் ஒற்றி எடுத்த பிறகு, ஒவ்வொரு பாதியையும் மேலும் இரண்டாக்கி நடுத்தண்டைச் சீவி நீக்குவார். அதன் பின் மடலை இரு கையாலும் பின்னுக்கு வளைத்தால், அதுவரை இறுக மூடிக்கிடந்த மஞ்சள் சுளைகள் வரிசையாக வெளியே எழும்பி நிற்கும். எத்தனை ஆண்டு பார்த்தாலும் அந்தக் கணத்தில் பிள்ளைகளிடமிருந்து ஒரு சத்தம் வராமல் இருந்ததில்லை.

சுளை பறிப்பது எல்லா வயதினருக்கும் உரிய வேலை. அப்பா மடலைப் பிரித்துக் கொடுக்க, நானும் தம்பி மனைவியும் சுளையை இழுத்தெடுக்க, மகள் அதைக் கீறிக் கொட்டையை வெளியேற்ற, மகனும் தம்பியின் சிறு பெண்ணும் கொட்டைமேல் இருக்கும் வழுவழுப்பான உறையை உரித்துக் கூடையில் போடுவார்கள். மகள் இந்த முறை ஒரு கேள்வி கேட்டாள்: சுளைகளுக்கு இடையே இத்தனை நார் எதற்கு? சக்கை ஒரே பூவிலிருந்து வருவதில்லை, நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் ஒரு தண்டைச் சுற்றி நெருங்கி நின்று ஒன்றாகப் பருத்ததே இப்பழம் என்றும், மகரந்தம் சேர்ந்த பூக்கள் சுளையாகின, சேராத பூக்கள் நாராக நின்றுவிட்டன என்றும் சொன்னேன். அவள் ஒரு நாரை எடுத்து வெகுநேரம் விரல்களுக்கு இடையே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை மாட்டுக்குப் போடும் மடல் குவியலில் எறியாமல் தனியே வைத்தாள்.

ஒரு சக்கையிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோ சுளை தேறியது. அதைச் சிறிது நீர் தெளித்து வேகவைத்து, ஆறியதும் அரைத்தோம். முன்பு ஆட்டுக்கல்லில் அரைத்தது, இப்போது மிக்சியில். ருசியில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. இரண்டு கிலோ வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகாக்கி, பெரிய வெண்கல உருளியில் ஊற்றி, அரைத்த விழுதைச் சேர்த்து விறகடுப்பில் ஏற்றினால் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். அங்கிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் கையை எடுக்கக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் கூழ் தளதளவென்று கொதித்துத் தெறிக்கும். கையில் பட்டால் கொப்புளம் வரும் என்பதால் நீண்ட காம்புள்ள மரச் சட்டுவமும் முழங்கை வரை சுற்றிய ஈரத்துணியும் வேண்டும். பிள்ளைகளுக்கு அப்போது அடுக்களைக்குள் இடமில்லை. இரண்டாம் மணி நேரத்தில் தெறிப்பது அடங்கி, மஞ்சள் நிறம் தேன் நிறமாகி, சட்டுவம் கனக்கத் தொடங்கும். அப்போது நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மொத்த நெய்யையும் ஒரே தடவையில் விட்டால் விழுது அதை வாங்கிக்கொள்ளாது, மேலேயே மிதக்கும். கடைசி அரை மணி நேரம்தான் சோதனை. நிறம் கருஞ்சிவப்பை நெருங்கும், கிளறும் இடமெல்லாம் உருளியின் அடி தெரியும், விழுது ஓரத்தை விட்டுச் சுருண்டு ஒரே உருண்டையாகச் சட்டுவத்தின் பின்னால் வரும். விரலை நனைத்துத் தொட்டால் ஒட்டாது. சுக்கும் ஏலமும் பொடித்துத் தூவி, உடனே இறக்கிவிட வேண்டும்.

சென்ற ஆண்டு அந்தக் கடைசிப் பகுதியில் நான் தவறிழைத்தேன். கைப்பேசி ஒலித்தது, அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பு என்பதால் சட்டுவத்தை உருளியில் சாய்த்துவிட்டு முற்றத்துக்குப் போனேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, அடிப்பிடித்த மணம் வெளியே வந்தது. அம்மா ஓடிவந்து மேற்பகுதியை மட்டும் கிண்ணத்தில் வழித்துக் காப்பாற்றினார்கள். பாதிக்குப் பாதிதான் மிஞ்சியது, அதிலும் ஒரு கசப்பு ஏறியிருந்தது. அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் பரணியில் (சாடியில்) போடும்போது, வழக்கமாக அனுப்பும் வீடுகளில் இரண்டு வீட்டுக்கு இம்முறை கிடையாது என்று கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கு ஓராண்டு முழுவதும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த ஆண்டு அம்மாவுக்குத் தோள்வலி. மூன்று மணி நேரம் நிற்க முடியாது என்று அவர்களே சொல்லிவிட்டு, அடுப்புக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்துகொண்டார்கள். தம்பி முதல் ஒரு மணி நேரம் கிளறினான், தம்பி மனைவி அடுத்த மணி நேரத்தை எடுத்துக்கொண்டார். கடைசிப் பகுதிக்கு அம்மா என்னை அழைத்தார்கள். கைப்பேசியை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனேன். அவர்கள் உருளியைப் பார்க்கவே இல்லை. சட்டுவம் உரசும் ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டு, "இன்னும் ஆகல்ல மக்களே," என்று இரண்டு தடவையும், "விறகைக் கொஞ்சம் இழு," என்று ஒரு தடவையும் சொன்னார்கள். பிறகு நீண்ட மௌனம். தோள் கடுத்தது, கண் எரிந்தது, வியர்வை புடவையை நனைத்தது. இத்தனை ஆண்டும் அம்மா மூன்று மணி நேரத்தையும் தனியாக நின்று செய்திருக்கிறார்கள் என்பதை என் தோள் அன்றுதான் அறிந்துகொண்டது. "போதும், இறக்கு," என்று அவர்கள் சொன்ன அதே நொடியில் விழுது ஓரத்தை விட்டு உருண்டு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

வரட்டியது போக ஒதுக்கிவைத்த சிறிதளவு சுளையை, மாலையில் வறுத்த அரிசிமாவு, வெல்லம், தேங்காய்த் துருவலோடு பிசைந்து அப்பம் செய்தோம். தெரளி இலையைக் கூம்பாகச் சுருட்டி, மாவை உள்ளே அடைத்து, வாயை மடக்கி ஈர்க்கால் குத்தி ஆவியில் வைக்க வேண்டும். பட்டையின் மணமுள்ள அந்த இலை வெந்ததும் தன் வாசனையை மாவுக்குக் கொடுத்துவிடும். ஈர்க்கு குத்துவதில் என் மகன் தேர்ந்துவிட்டான். மதுரையில் இந்த இலை எனக்குக் கிடைப்பதில்லை. வாழையிலையில் வைத்துச் செய்தால் அது வேறு பலகாரம். சக்கைக்குருவை, அதாவது உரித்துவைத்த கொட்டைகளை, வெயிலில் இரண்டு நாள் காயவைத்து மண்ணில் புதைத்து எடுத்துவைத்தார் அப்பா. மறுநாள் மதியத்துக்கு அதில் ஒரு கைப்பிடியைச் செங்கவருக்கை மாங்காயோடும் அரைத்த தேங்காயோடும் சேர்த்து அம்மா வைத்த கறிக்கு இணையாக எந்த விருந்தையும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஊரைச் சுற்றி, பிள்ளைகள் வெளியூர்களில் தங்கிவிட்ட வீடுகளில், பழுத்த சக்கை மரத்திலேயே வெடித்து விழுந்து ஈ மொய்க்கிறது. ஏறுவதற்கு ஆளில்லை, வெட்டினாலும் தின்பதற்கு ஆளில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நடப்பது எனக்கு உண்மையாகவே துயரமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவின் மரத்திலிருந்து இரண்டை எங்கள் தம்பியே இறக்கிக் கொடுத்தான். அதில் ஒன்றை அவர் எங்களுக்கே திருப்பிக் கொடுத்தார், அது கூழன் என்பதால் அன்று இரவே எல்லாரும் சுற்றி அமர்ந்து தின்று தீர்த்தோம்.

வரட்டிய சக்கை ஆறிய பிறகு அம்மா அதைப் பரணிகளில் அடைத்துத் துணியால் வாய்கட்டினார்கள். இம்முறை சென்ற ஆண்டு விடுபட்ட இரண்டு வீடுகளின் பரணிகளை முதலில் நிரப்பச் சொன்னார்கள். எல்லாம் முடிந்ததும் உருளியில் விரலளவு கனத்துக்கு ஒட்டியிருந்ததைக் கழுவ எடுத்தேன், அம்மா தடுத்தார்கள். அப்பா முற்றத்தில் உதிர்ந்து கிடந்த பிலாவிலைகளில் பழுத்தவற்றைப் பொறுக்கி, அடியைக் கூம்பாக மடித்து ஈர்க்கு குத்தி, முன்பு கஞ்சி குடிக்க எங்களுக்குச் செய்து கொடுத்த அதே கரண்டியை மூன்று பிள்ளைகளுக்கும் செய்து கொடுத்தார். மூவரும் உருளியைச் சுற்றி மண்டியிட்டுச் சுரண்டத் தொடங்கினார்கள். நான்காவதாக ஓர் இலையை மடித்து அம்மாவின் கையில் கொடுத்தார் அப்பா. அம்மா முக்காலியை உருளிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.