யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன்

கூட்டம் 20 நிமிடத்தில் முடிந்துவிட்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கள் பிரிவில் 14 பேர். வரும் விண்ணப்பங்களைச் சரிபார்த்து மேலே அனுப்புவது வேலை. அதற்காகப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்த மென்பொருள் 4 மாதத்தில் நிறுத்தப்படும், பக்கத்துப் பிரிவும் நம்மோடு இணைக்கப்படும் என்று அறிவித்துவிட்டு, "கேள்வி ஏதாவது உண்டா?" என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. 'குழு நல்லவிதமாக ஏற்றுக்கொண்டது' என்று மேலிடத்துக்கு அன்று மாலையே மின்னஞ்சல் அனுப்பினேன். அந்த மின்னஞ்சலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

குழுவிலேயே மூத்தவரிடம் ஒரு தடித்த குறிப்பேடு இருந்தது. பழைய மென்பொருள் ஏதாவது கோளாறு என்றால் வெறும் எண்ணைத்தான் காட்டும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்லும் கையேடு எங்கோ தொலைந்து போயிருந்தது. அவர் ஒவ்வொரு எண்ணையும் அது வந்த நாளில், அன்று கையில் இருந்த பேனாவால் எழுதி வைத்திருந்தார். நீலம், கறுப்பு, சில இடங்களில் பென்சில். ஓரத்தில் 'இது வந்தால் பயப்பட வேண்டாம், சற்றுப் பொறுத்து மறுபடி அழுத்தவும்' என்பது போன்ற குறிப்புகள். நாளைக்கு நாலைந்து பேராவது அவர் மேசைக்குப் போய், "47 வந்திருக்கிறது, என்ன செய்வது?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் குறிப்பேட்டைத் திறக்காமலேயே பதில் சொல்லிவிடுவார்.

கூட்டத்தில் புதிய திரையின் படத்தைக் காட்டி, "இனி எந்த எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். யாரிடமும் போய்க் கேட்கவும் வேண்டாம்" என்று சற்றுப் பெருமையாகவே சொன்னேன். அவர் மடியில் இருந்த குறிப்பேட்டை மூடி, ரப்பர் வளையத்தை மாட்டி, பைக்குள் வைத்தார். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பின் வந்த வாரங்களில் எதிர்ப்பு என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. பயிற்சி வகுப்பில் தலையாட்டினார்கள். விடுப்பு விண்ணப்பங்கள் கூடின. கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய பழைய வேலைகளில் தவறுகள் வந்தன. ஜன்னலோர இருக்கை யாருக்கு என்பதில் இருவர் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. புதிய திரையில் எழுத்து சிறிதாக இருக்கிறது என்று ஐந்து பேர் தனித்தனியாக வந்து சொன்னார்கள். ஐந்து பேருக்கும் எழுத்தைப் பெரிதாக்கும் வழியைக் காட்டினேன். ஐவரும் நன்றி சொன்னார்கள். ஒருவரும் பெரிதாக்கிக்கொள்ளவில்லை.

ஆலோசகர் ஒருவர் வந்து, அதிர்ச்சி, கோபம், சோர்வு, ஏற்பு என்று இறங்கி ஏறும் ஒரு வளைகோட்டைக் காட்டினார். உங்கள் ஆட்கள் இப்போது பள்ளத்தில் இருக்கிறார்கள், தானாக மேலே வந்துவிடுவார்கள் என்றார். அந்தக் கோட்டின் வேர் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதியது. அவர் பேசியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு. அதைக் கொண்டுவந்து அலுவலக மாற்றத்துக்குப் பொருத்தியவர்கள் பின்னால் வந்தவர்கள். ஆனால் எனக்கு அந்தக் கோடு மிகவும் வசதியாக இருந்தது. யாராவது முகத்தைச் சுளித்தால் 'இவர் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறார்' என்று மனதுக்குள் முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடலாம். அவரிடம் பேச வேண்டிய தொல்லை இல்லை.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு எழுதக் கடினமானது. குழுவில் எல்லோருக்கும் இளையவர் ஒருநாள் நடைபாதையில் என்னை நிறுத்தி, "சார், என் வேலைக்கு ஒன்றும் ஆகாதே?" என்று கேட்டார். கையில் இருந்த தாளை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். "யாருக்கும் ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால் அப்படிச் சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

ஏழாவது வாரம் முடிவு வந்தது. எங்கள் பிரிவில் இரண்டு பணியிடங்கள் வேறு பிரிவுக்கு மாற்றப்படுகின்றன, ஒன்று அவருடையது. அறைக்கு அழைத்துச் சொன்னேன். "நீங்கள் சொன்னீர்களே" என்றார். குரலில் கோபம் இல்லை. நினைவில் இருந்ததைச் சரிபார்த்துக்கொள்பவர் போல இருந்தது. "உங்கள் நிலை எனக்குப் புரிகிறது" என்றேன். "என்ன புரிகிறது, சார்?" என்று கேட்டார்.

பதில் சொல்ல ஒன்றும் வரவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்தது என் தலைவலி மட்டுமே.

அன்று முழுவதும் அந்தக் கேள்வி விடவில்லை. நடைபாதையில் நான் யாரைத் தேற்றினேன்? அவர் பதற்றம் என்னைத் தொந்தரவு செய்தது. அது உடனே நிற்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. நிறுத்தினேன், பொய்யால். பிறர் துயரத்தைக் காணும்போது நமக்கே ஏற்படும் தவிப்பு வேறு, அவர்மீது எழும் அக்கறை வேறு என்று உளவியலாளர் டேனியல் பேட்சன் பிரித்துக் காட்டியிருக்கிறார். தவிப்பில் இருப்பவர் முதலில் தேடுவது தன் வலிக்கு மருந்து. நான் கனிவு என்று நினைத்துச் செய்தது அதைத்தான்.

வேறொரு பிரிவின் தலைவரிடம் போய்ப் புலம்பினேன். அரைமணி நேரம் கேட்டுவிட்டு, "உங்கள் ஆட்களைப் பற்றியெல்லாம் சொல்லிவிட்டீர்கள். உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வீட்டுக்கு வந்து ஒரு தாளில் 'எரிச்சல்' என்றே எழுதினேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அதை அடித்துவிட்டு 'பயம்' என்று எழுதினேன். இரண்டு பிரிவுகள் ஒன்றாகின்றன, இரண்டு தலைவர்கள் இருக்கிறோம், நாற்காலி ஒன்று. இந்தக் கணக்கு முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பயம்தான் அவசரம் என்ற உருவில் வெளியே வந்திருக்கிறது: 20 நிமிடக் கூட்டம், நள்ளிரவு மின்னஞ்சல்கள், அடுத்தவர் பேச்சை முடிக்கும் முன்பே விடை. பல்லைக் கடித்துக்கொண்டே நாளெல்லாம் இருந்ததால் மாலையில் தாடை வலிக்கும். தூக்கமின்மை என்று நினைத்திருந்தேன்.

உணர்ச்சிக்குப் பெயர் சூட்டுவது அதன் வேகத்தைத் தணிக்கும் என்பதற்கு ஆய்வு உண்டு. உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட மூளைப் படப் பரிசோதனையில், முகங்களில் தெரியும் உணர்ச்சியைச் சொல்லால் குறிப்பிட்டபோது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் செயல்பாடு குறைந்தது. பரிசோதனைக்கூடத்தில் நடந்தது கூட்ட அறையில் நடக்குமா என்ற ஐயம் எனக்கு இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்பும் ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போகிறேன். பாதி நாட்களில் முதலில் எழுதும் சொல் தவறாகவே இருக்கிறது.

குழுவை மறுபடி கூட்டினேன். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொன்னேன், அது தவறு என்றேன். மன்னிப்புக் கேட்டேன். என் இடமும் உறுதியில்லை என்பதையும் சொன்னேன். இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்திருந்தேன். தலைவனே ஆடினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்ற தயக்கம். மௌனம் முந்தைய கூட்டத்தைவிட நீண்டது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர், "அப்படியானால் எங்கள் பணி மதிப்பீட்டை யார் எழுதுவார்கள்?" என்றார். நல்ல கேள்வி. நான் யோசித்தே பார்க்காத கேள்வி. அன்று கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது.

அடுத்த இரண்டு வாரத்தில் ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்தேன். வெளியே நடப்பது மாற்றம், உள்ளே நடப்பது கடந்து செல்லல், அது ஏதோ ஒன்றின் முடிவில்தான் தொடங்கும் என்பது மாற்றங்களைப் பற்றி எழுதிய வில்லியம் பிரிட்ஜஸின் கருத்து. அதைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டேன்: "இதில் உங்கள் கையை விட்டுப் போவது என்ன?"

ஒருவர் விரல்களுக்கே வேலை தெரிந்திருந்ததால் நேரத்தோடு முடித்து, குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போய்க்கொண்டிருந்தார். புதிய திரையில் தடுமாறினால் அது போகும். இன்னொருவர், "இதில் நான் கெட்டிக்காரன். அதில் நேற்று வந்தவனும் நானும் ஒன்று" என்றார். ஜன்னலோர இருக்கைச் சண்டையில் ஒருவருக்கு ஜன்னல் பொருட்டே இல்லை. பக்கத்து இருக்கை நண்பர் வேறு தளத்துக்குப் போய்விடுவாரோ என்பதுதான் கவலை.

குறிப்பேட்டுக்காரர் "ஒன்றுமில்லை" என்றார். வழக்கம்போல் ஏதாவது சொல்லி இடைவெளியை நிரப்பாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து, "இனி யாரும் என் மேசைக்கு வர மாட்டார்கள்" என்றார்.

வருவார்கள், வராமல் என்ன என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அவர் சொன்னது உண்மை. நானே மேடையேறி அறிவித்த உண்மை. என்ன செய்தால் உதவும் என்று மட்டும் கேட்டேன். "முடிவான பிறகு காட்டாதீர்கள், அதற்கு முன்பே காட்டுங்கள்" என்றார்.

இது 1948-லேயே சொல்லப்பட்ட சங்கதி. அமெரிக்காவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் லெஸ்டர் கோச்சும் ஜான் ஃபிரெஞ்சும் நடத்திய ஆய்வில், மாற்றத்தை வெறுமனே அறிவித்த குழுவில் முதல் 40 நாட்களில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். மாற்றத்தை வகுப்பதில் பங்கெடுத்த குழுக்கள் விரைவில் பழைய வேகத்துக்கு மீண்டன. எனக்கு அது 9-வது வாரத்தில்தான் உறைத்தது. குறிப்பேட்டுக்காரரையும் வேறு இருவரையும் சோதனைத் திரையில் உட்கார வைத்தோம். ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் எந்த ஆவணம் குறைகிறது என்பதைப் புதிய மென்பொருள் சொல்லவே இல்லை என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். மூவரும் சேர்ந்து 11 குறைகளைப் பட்டியலிட்டார்கள். 7 சரிசெய்யப்பட்டன. மீதி 4 ஏன் முடியாது என்பதையும் குழுவிடம் சொன்னேன்.

கேட்டதையெல்லாம் கொடுக்கவில்லை. இரண்டு மென்பொருளையும் ஆறு மாதம் சேர்த்தே ஓட்டலாம் என்றார்கள், முடியாது என்றேன். கோபப்பட்டார்கள். முன்பு அந்தக் கோபத்துக்கு முன்னால் விளக்கங்களை அடுக்கியிருப்பேன். இப்போது அது தணியும்வரை அறையில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் ஒரு தாள் ஒட்டினோம்: தெரிந்தது, தெரியாதது, எப்போது தெரியும். மூன்றாவது பத்தியில் எழுதிய தேதிகளில் சில தவறிப்போயின. அடித்துவிட்டுப் புதுத் தேதி எழுதினேன். பழையதை யாரும் மறைக்கக் கூடாது என்பது ஏற்பாடு.

புதிய மென்பொருள் ஓடத் தொடங்கிய முதல் மாதத்தில் பதிவான தவறுகள் கூடியதைப் பார்த்து மேலிடம் விளக்கம் கேட்டது. மறைத்துக்கொண்டிருந்தவற்றை இப்போது சொல்கிறார்கள் என்று பதில் எழுதினேன். அவர்கள் நம்பினார்களா என்பது வேறு கதை. நாற்காலி எனக்கே கிடைத்தது. எதிர்த்தரப்பில் இருந்தவருக்கு எப்படி இருந்தது என்று நான் இன்னும் கேட்கவில்லை.

இளையவர் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். லிஃப்ட்டில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார். மரியாதையாகத்தான். எதையும் கேட்பதில்லை.

சென்ற மாதம் அடுத்த மாற்றம் பற்றிய கடிதம் வந்தது. குழுவிடம் வாசித்துக் காட்டும்போது தாடை இறுகுவது தெரிந்தது. நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். முடிப்பதற்குள் மூத்தவர் கையைத் தூக்கினார்.

"இந்த முறை எத்தனை பேர், சார்?"

"தெரியவில்லை. 18-ஆம் தேதி தெரியும்."

அவர் மடியில் ஒரு புதிய குறிப்பேடு இருந்தது. அதைத் திறந்து, தேதியை எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார்.