புல்டாக் குட்டியின் பின்னங்கால்

எங்கள் வண்ணாரப்பேட்டைத் தெருவில் இப்போது புல்டாக் மோகம். எதிர்வீட்டுத் தம்பியின் 7 மாதக் குட்டி ஓடும்போதே திடீரென ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் தாவும். காலை ஒரு உதறு உதறும், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். சேட்டை என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கென்னவோ முழங்கால் சில்லு விலகி விலகி உட்காருகிறதோ என்றுதான் சந்தேகம். இடுப்பு மூட்டுக் கோளாறிலும் புல்டாக் முன்வரிசை இனம். "வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ தம்பி, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கட்டும்" என்றேன்.

கடைக்காரர் சொன்னார் என்று கால்சியம் டானிக் ஊற்றுகிறான். குட்டிகளுக்கான தீனியிலேயே அது போதுமான அளவு இருக்கும். மிஞ்சினால் வளர்கிற எலும்புக்கே கேடு. நாம் போடும் வலி மாத்திரையையும் கொடுக்கக் கூடாது. இப்யூபுரூஃபன் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

எடைதான் பெரிய வில்லன். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். இந்தக் குட்டிக்குத் தட்டுப்படுவது கொழுப்புதான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி போடும் அத்தைமார்களே, உங்களைத்தான் சொல்கிறேன். வழவழ டைல்ஸில் ஒரு ரப்பர் பாயாவது விரியுங்கள். மாடிப்படியில் குட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள், கனமாகத்தான் இருக்கும்.